நான் படிக்காத கடைசி அத்தியாயம்

மூன்று வருடங்களுக்கு முன் திருச்சி புத்தூரில் நடந்தது இது. எனக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு, கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் வேலை. அது போதாதென்று, தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. படிப்பவர்களுக்குப் புத்தூரில் ஞாயிறுதோறும் வகுப்பு எடுத்து வந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நாவல்கள்தான் பாடம். என் நோட்ஸை ஜெராக்ஸ் எடுக்காதவரே கிடையாது என்பதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்.

ஒரு மாதிரித் தேர்வில், இரண்டு நாவல்களின் நாயகர்களையும் முடிவுகளையும் ஒப்பிடச் சொல்லியிருந்தேன். ஒன்றில், ஊர்க் கட்டுப்பாடு பிடிக்காத ஒருவன் கிளம்பிப் போய்விடுகிறான். மற்றதில், ஊர் ஒதுக்கிவைத்த ஒரு பெண் மகளோடு கடல் கடந்து போகிறாள். இருவருக்கும் வெளியேறுவதே விடுதலை என்பது என் நோட்ஸ்.

மண்ணச்சநல்லூரிலிருந்து வரும் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், வேறு மாதிரி எழுதியிருந்தார். கடல் கடந்து போனவள் பல வருடம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்து அதே வீட்டில் வாழ்ந்தாளாம். அவனுக்குப் போவது விடுதலை, அவளுக்கோ திரும்பி வந்து நிற்பதுதான் விடுதலை என்று முடித்திருந்தார்.

அதை வகுப்பில் உரக்கப் படித்தேன். “நாவலை எழுதினவருக்கே தெரியாத முடிவை இவங்க கண்டுபிடிச்சிருக்காங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் விடைத்தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை. அவருடன் பஸ்ஸில் வருபவரிடம் விசாரித்தேன்.

“வீட்டுக்காரரைப் பிரிஞ்சு எப்பவோ அம்மா வீட்டுக்கே வந்துட்டாங்க சார். எம்.ஏ. முடிச்சா ஒரு ஸ்கூல்ல வேலை தரேன்னு சொல்லியிருக்காங்க. இப்போ பரீட்சையே எழுதலைங்கறாங்க.”

வீட்டுக்குப் போனதும் அந்த நாவலை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். அவர் எழுதியதுதான் சரி. என் நோட்ஸ், நான் மாணவனாக இருந்தபோது ஏதோ ஒரு கைடைப் பார்த்து எழுதிக்கொண்டது. அந்த அத்தியாயத்தை நான் படித்ததே இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

உடனே அவருக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்கு இங்கிலீஷ் மெதுவாத்தான் சார் வரும். அவ கடைசில என்ன ஆனான்னு தெரிஞ்சுக்கணும்னே முழுசாப் படிச்சேன். நீங்க கேலி பண்ணதும், நானே அப்படி ஒரு முடிவை நெனச்சுக்கிட்டேன் போலன்னு ஆயிடுச்சு” என்றார்.

பாவி நான், அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே முடிவை ஒரு கேலியில் பறித்திருக்கிறேன்.

“வகுப்புல வெச்சுத்தானே கேலி பண்ணேன், வகுப்புலயே சொல்லிடறேன். வாங்கம்மா” என்றேன்.

அந்த ஞாயிறு அவர் வந்தார். நோட்ஸின் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னேன். ஏன் என்றும் மறைக்காமல் சொன்னேன். பிறகு அவர் பதிலை அவரையே படிக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கித் தொடங்கியவர், முடிக்கும்போது என்னை நேராகப் பார்த்தார். பரீட்சையும் எழுதினார்.

இப்போதெல்லாம் சிவப்புப் பேனாவால் ஒரு வரியை அடிக்கப் போகும்போது கை தயங்குகிறது. எழுதியவர் எந்த வாழ்க்கையிலிருந்து அதைப் படித்தாரோ என்று நினைத்து, முதலில் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறேன்.