‘பிரியல’ சார்!

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதில் நான் கில்லாடி. உங்களுக்குத்தான் தெரியுமே!

போன ஞாயிறு காலை, திருவொற்றியூரில் எங்கள் மேல்மாடி வீட்டில் வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த வீட்டுப் பெண் சுகன்யா, பார்சல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் எம்.காம். படிக்கிறாள். செல்போனைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தாள். வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

விடுவேனா? பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

திரையில் ஒரு கணக்கு. ஓரத்தில் கட்டம் கட்டமாக எழுத்துகள்... முகமே இல்லை.

“இதுல நீ எங்கடி?”

“அந்த ‘எஸ்’ கீது பாருங்க ஆன்ட்டி... அதான் நான்.”

“எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்றது ஆசிரியரின் குரல். சாட்டில் மளமளவென்று ‘எஸ் சார்’ விழுந்தது. சுகன்யாவும் ஒன்று போட்டாள்.

பரவாயில்லையே என்று நினைத்து, “எனக்கும் கொஞ்சம் சொல்லேன்” என்றேன்.

“ஒண்ணுமே பிரியல ஆன்ட்டி. எல்லாரும் எஸ் போட்டாங்க, நானும் போட்டேன். பேஜாரா கீது. இந்த மாசத்தோட நின்னுடப் போறேன்.”

எங்கள் பக்கத்தில் ‘புரியல’ கிடையாது. ‘பிரியல’தான்.

“கேக்க வேண்டியதுதானே?”

“வாயத் தொறந்தா இன்னா, கீதுன்னுதான் வரும். சிரிக்க மாட்டாங்களா? அதான் எப்பவும் மியூட்லயே...”

“எது பிரியலம்மா?”

கேட்டது நானில்லை — போன்!

அட்டெண்டன்ஸுக்குத் திறந்த மைக்கை மூட மறந்திருக்கிறாள். அவள் முகம் செத்துவிட்டது. ஆசிரியர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா? முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம். வெறும் குரலை வைத்து என்னத்தைக் கண்டுபிடிப்பது?

அதற்குள் இன்னொரு கட்டம் பேசியது. “சார், எனக்கும் வெளங்கல.” தெக்கத்திக் குரல். பின்னாலேயே, “எனக்குந்தானுங்க சார்...” கோயம்புத்தூர்!

“அப்ப அந்த எஸ் சாரெல்லாம்?”

கேட்டுவிட்டு ஆசிரியரே சிரித்துவிட்டார். “நானும் இத்தனை நாளா சுவரோடதான் பேசிக்கிட்டிருந்தேனா? சுகன்யா, எங்கேருந்து பிரியலன்னு சொல்லுங்க.”

சுகன்யா தொண்டையைச் செருமினாள். “ஆரம்பத்துலேர்ந்தே சார்.”

எனக்கு ஒரு சந்தேகம். நேரில் வகுப்பு என்றால், பக்கத்து பெஞ்சு முழிக்கிற முழியிலேயே ‘இவளுக்கும் நம்ம கதைதான்’ என்று தெரிந்துவிடும். ஆன்லைனில் அந்த முழி எங்கே தெரிகிறது? ஊரே தெளிவாக இருக்கிறது, நாம் மட்டும்தான் மக்கு என்று நினைத்துக்கொண்டு... எத்தனை பேர் மியூட்டிலேயே படிப்பை விட்டிருப்பார்களோ! நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நேற்று படிக்கட்டில் அவளை மடக்கினேன். “நின்னுடப் போறேன்னியே?”

“ஐய... இப்ப இன்னாத்துக்கு நிக்கணும்? நாங்கல்லாம் சேந்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சுக்கீறோம் ஆன்ட்டி. பேரு இன்னா தெரியுமா? ‘பிரியல’!”

‘பிரியல’ என்று வாய்விட்டுச் சொன்னாள்... படிப்பை விட்டுப் பிரியவில்லை!