உதடு படாத மருந்து

நான் அப்போது மெடிக்கல் ரெப். கழுத்தில் டை, கையில் மூட்டை மாதிரி ஒரு கறுப்புப் பை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று டாக்டர் வீட்டு வாசல்களில் தவம் கிடப்பேன். பையில் முக்கால்வாசி ஆஸ்துமா இன்ஹேலர்கள். அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்காவது செய்து காட்டுவேன். மூச்சை வெளியே விடுங்கள், உதட்டால் இறுக்கிக் கவ்விக்கொள்ளுங்கள், அழுத்திக்கொண்டே மெதுவாக உள்ளே இழுங்கள், முடிந்தவரை அடக்குங்கள், பிறகு வாயைக் கொப்புளித்துத் துப்புங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். டாக்டர்களே தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த மருந்தை என் சொந்த அக்கா பதினான்கு மாதம் தப்பாக எடுத்துக்கொண்டாள். அதில் கடைசி ஆறு மாதம் என் கண் எதிரே நின்றுகொண்டு.

அவள் என்னைவிட ஒன்பது வயது பெரியவள். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில், நாங்கள் இருவர் மட்டும். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா அம்மா போன பிறகு அவள் சம்பளத்தில்தான் நான் பி.எஸ்ஸி. படித்தேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பஜ்ஜியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள். அவளுக்கு இருந்த ஒரே பயம் வேறு. பத்தாம் வகுப்பு இருப்பது பள்ளியின் மூன்றாவது மாடியில். ஏற முடியவில்லை என்றால் கீழே லைப்ரரியில் உட்காரவைத்துவிடுவார்கள். அவளுக்கு அதைவிடச் சாவே மேல்.

நான் தினமும் போய்ப் பார்க்கும் தியாகராய நகர் நெஞ்சுநோய் டாக்டரிடமே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பழுப்பு நிற இன்ஹேலர் எழுதினார். அது ஸ்டீராய்டு. இழுப்பு வராமல் தடுப்பதற்கு, காலையும் மாலையும், வந்தாலும் வராவிட்டாலும். நீல நிறம் இழுப்பு வந்தால் மட்டும். "ஸ்டீராய்டுன்னு பயப்படாதீங்கம்மா, மாத்திரை மாதிரி உடம்பெல்லாம் சுத்தாது, நேரா நுரையீரலுக்குத்தான் போகும். நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எப்படி எடுத்துக்கறதுன்னு நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் காலை அவசரத்தில் இருந்தேன். டப்பாவோடு வந்த காகிதத்தை அக்கா பிரித்துப் படிக்கப் போனாள்.

"நான் இருக்கச்சே அதை எதுக்குப் படிக்கறே? குடு" என்று பிடுங்கிக் கசக்கிப் போட்டுவிட்டு, அவளுடைய இன்ஹேலரை வைத்தே காட்டினேன். மருந்துள்ள இன்ஹேலர், அவளுடையது. நான் உதடு வைத்தால் எச்சிலாகிவிடும் அல்லவா? எங்கள் வீட்டில் டம்ளரில் யாரும் வாய் வைத்துக் குடித்ததில்லை. தண்ணீரோ காபியோ அண்ணாந்துதான். அதனால் வாய்க்கு நாலு விரற்கடை மேலே தூக்கிப் பிடித்து, கழுத்தைப் பின்னால் சாய்த்து, "இப்படி அமுக்கி, இப்படி இழு, வாயைக் கொப்புளிச்சுடு" என்று காட்டிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டேன். அரை நிமிஷம் ஆகியிருக்காது. தப்பு அங்கேதான் நடந்தது. எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் கணக்கு டீச்சர். காட்டியதைக் காட்டியபடி செய்கிறவள். காலையில் பல் தேய்த்து, வாயைக் கொப்புளித்து, ஸ்வாமிக்கு விளக்கேற்றிவிட்டு, அண்ணாந்து, உதடு படாமல், மருந்தை வாய்க்குள் விட்டுக்கொள்வாள். எப்போது என்று நான் அழுத்திச் சொல்லாத கொப்புளிப்பை மட்டும் முதலிலேயே முடித்துவிடுவாள். பின்னால் கொப்புளித்தால் மருந்து வீணாகிவிடாதா என்பது அவள் நியாயம். மருந்தெல்லாம் நாக்கிலும் அண்ணத்திலும் படிந்து அங்கேயே நின்றது. மார்புக்கு என்ன போயிருக்கும்? நீலமும் இதே கதிதான். பாதிகூடக் கிடைக்காததால் நாளுக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை அடித்துக்கொண்டாள்.

இழுப்பு குறையவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தது. ரசம் பட்டாலே எரிகிறது என்று மோருஞ்சாதம் மட்டும் சாப்பிட்டாள். மழைக்காலத்தில் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்தது. முகம் உப்பிப்போய்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "யாருடா இந்த மாமி?" என்றாள். கிண்டல்தான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். மூன்றாவது மாடி ஏற அவளுக்குக் கால்மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் டாக்டர் என்னிடம் தனியாகக் கேட்டார். "ஒழுங்கா எடுத்துக்கறாங்களா? இவ்வளவு டோஸுக்கு இப்படி இருக்கக் கூடாதே."

எனக்கு மானமே போனது போல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினேன். "நீ மருந்தை ஒழுங்கா எடுத்துக்கறதே இல்ல. எவ்வளவு நாளா ஏமாத்திண்டிருக்கே?"

"இல்லடா, ஒரு வேளைகூட விட்டதில்ல."

"பொய் சொல்லாதே அக்கா. ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் வேலை செய்யற மருந்து உனக்கு மட்டும் வேலை செய்யாதா?"

என்னை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் அல்ல, நன்றாகத் திட்டுவாள். அன்றைக்குப் பேசாமல் போய்க் குக்கரை ஏற்றினாள்.

மறுநாள் காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றாள். இன்ஹேலரைக் குலுக்கினாள். அண்ணாந்து ஒரு தடவை, இன்னொரு தடவை. "பாத்துக்கோ" என்றாள். நான் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தேன். "சரி" என்றேன். அதிலிருந்து தினமும் இரண்டு வேளையும் அப்படித்தான். ஆறு மாதம் வந்து நின்றாள். ஆறு மாதமும் நான் பார்த்தேன். மருந்தை எடுக்கிறாளா என்று பார்த்தேனே தவிர, எப்படி எடுக்கிறாள் என்று பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருத்தர் அண்ணாந்தால் யார் கண்ணுக்குத்தான் வித்தியாசமாகப் படும்? பாவி, என் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும். எனக்குச் சம்பளமே அதற்குத்தானே?

அடுத்த ஐப்பசியில் மூச்சு முட்டி, ஆழ்வார்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். ஆக்ஸிஜன், ஊசி, முகமூடி வழியாகப் புகைமருந்து. நான்காம் நாள் தெளிந்து உட்கார்ந்தாள். காலையில் வழக்கம்போல என்னைக் கூப்பிட்டு, "பாத்துக்கோடா" என்று அண்ணாந்தாள்.

தரை பெருக்கிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தாள்.

"இன்னாம்மா நீ, தண்ணி குடிக்கிற மாதிரி ஊத்திக்கினு கீறே? வாயில வெச்சு கப்புனு மூடிக்கினு இழுக்கணும்மா. எம் பொண்ணுக்கும் இதான் குடுத்துகீறாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உன்னை யாரு கேட்டா? போய் வேலையைப் பாரு" என்றேன்.

அக்காவும் விட்டுக்கொடுக்கவில்லை. "என் தம்பி இந்த மருந்துக் கம்பெனியிலதாம்மா இருக்கான். டாக்டருக்கெல்லாம் அவன்தான் சொல்லிக் குடுக்கறான். அவன் காட்டினபடிதான் எடுத்துக்கறேன். தினமும் அவன் முன்னாடி நின்னுண்டுதான்" என்றாள். குரலில் அவ்வளவு பெருமை.

ஆயா என்னைப் பார்த்தாள். அப்போதுதான் நான் என் அக்காவைப் பார்த்தேன். கை இன்னும் வாய்க்கு மேலே, நாலு விரற்கடை தள்ளி நின்றிருந்தது. அது என் கை. அன்றைக்கு அவசரத்தில் நான் காட்டியது, அச்சு அசலாக. உட்கார்ந்தேன்.

அந்த ஆயாவே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து சொல்லிக் கொடுத்தாள். "எச்சில்னு பாக்காதம்மா, உன்து தானே. ஆங், கவ்விக்கோ. மெள்ள இழு. அடக்கு. இப்போ கொப்புளிச்சுத் துப்பு, இல்லாங்காட்டி வாய் புண்ணாப்பூடும்." ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் பக்கத்தில் பையோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு அக்கா சரியாக எடுத்துக்கொண்டது ஒன்பது வேளை. ஐந்தாம் நாள் மத்தியானம், நல்ல மழை, நான் அடையாறில் ஒரு டாக்டரின் வரவேற்பறையில் முறைக்காகக் காத்திருந்தபோது, கீழ் வீட்டு மாமி, நான் கொடுத்துவிட்டு வந்த நம்பரில், அங்கே போன் செய்தாள். ஸ்கூட்டர் தண்ணீரில் நின்றுவிட்டது. நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"பதினாலு மாசமும் சரியா எடுத்திருந்தா?" என்று தியாகராய நகர் டாக்டரிடம் கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் தெரியாது. நானும் ஒரு தடவை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்திருக்கணும்" என்றார். என்னோடு பங்கு போட்டுக்கொள்ள நல்ல மனசோடு சொன்னார். எனக்குப் பாரம் குறையவில்லை.

வேலையை விட்டு வெகுகாலமாகிறது. இப்போதும் காலையில் பேப்பரைப் பிரித்தால் எதிரே வந்து நிற்கிறாள். பயமாகத்தான் இருக்கிறது. பேப்பரைத் தாழ்த்த எனக்குத் தைரியம் வருவதில்லை.

அவளைப் பற்றி நினைத்தால் கடைசியில் நான் போய் நிற்பது அவள் செத்த நாளில்கூட அல்ல. அதற்கு முந்தின நாள் காலையில். உதட்டால் கவ்வி இழுத்து, அடக்கி, கொப்புளித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நாக்குல கசப்பே இல்லடா. மருந்து உள்ள இறங்கறது நன்னாத் தெரியறது. அப்போ, இத்தனை நாளா நான் ஏமாத்தலைன்னு…"

என் முகத்தைப் பார்த்தாள். அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"காபி ஆறிடப்போறது, குடி" என்று டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு குடித்தேன்.