ஆந்தைக்குக் கட்டின மாடம்

ஏணியின் உச்சிப்படியில் நின்று, கடைச் சுவரில் ஆந்தைக்கென்று கட்டின மாடத்துக்குள் தலையை விட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார் ஹரிபத சாஹா. நேற்றும் துடைத்தார். தூசி விழ அவர் நேரமே கொடுப்பதில்லை. துடைத்து, கங்கை நீர் தெளித்து, சாம்பிராணி காட்டி, கடைசியில் அதன் கீழேயே நின்று சங்கு ஊதுவார். நபத்வீபத்தில் எங்கள் சந்து முழுக்கக் கேட்கும்.

வெள்ளை ஆந்தை மகாலட்சுமியின் வாகனம். அது குஞ்சு பொரிக்கிற வீட்டில் தாயாரும் இருக்கிறாள். சாஹாவின் அரிசிக்கடை வாசலில் ஒரு கிழட்டுப் பலாமரமும், அதன் பொந்தில் ஓர் ஆந்தைக் குடும்பமும் இருந்தன. இலை கொட்டி வாசல் அசிங்கமாகிறது என்று போன மாசியில் மரத்தை வெட்டினவர் இவரேதான். பிறகு எதிரில் புதுக்கடை வந்தது. இவர் கடைக்கு ஆள் வருவது நின்றது. எதிர்க்கடைக்காரனை அவர் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார். “அவன் என்ன பண்ணுவான் பாவம்? மரத்த வெட்டித் தாயாரை வெளிய அனுப்பினது நான்தானே.” ஐப்பசிப் பௌர்ணமி லட்சுமி பூஜைக்குள் ஆந்தை திரும்பாவிட்டால், கடையை மூடிவிட்டு மருமகன் வீட்டில் போய் உட்காரப் போகிறாராம். அது வெறும் பேச்சில்லை. மருமகனுக்குச் சொல்லியும் ஆகிவிட்டது.

மகா சுத்தக்காரர். தராசுத் தட்டை ஒவ்வொரு தடவையும் துடைத்துத்தான் நிறுப்பார். “தாயாருக்கு அழுக்கு ஆகாது. வாகனத்துக்கு மட்டும் ஆகுமா?” என்பார். வழி தவறிவிடக் கூடாதென்று தரையிலிருந்து மாடம் வரை, சுவர்மேல் மாக்கோலத்தில் தாயாரின் பாதங்களை ஏற்றியிருக்கிறார். கடையில் ஓர் எலி விடாமல் மருந்து வைத்து ஒழித்தாயிற்று.

“ஏண்ணே, எலியையும் கொன்னுட்டு விருந்துக்கு வேற கூப்பிடுறியே! வந்தா என்னத்தத் திங்கும், சந்தேஷ் மிட்டாயா?” என்றான் ரிக்‌ஷாக்கார கோபேன்.

“அது தெய்வப் பறவைடா. நீ வண்டிய எடு.”

“முட்டை வைக்க இடம் தேடுறவ காதுகிட்டச் சங்கு ஊதினா எவதான் தங்குவா?” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி நிருபமாவின் குரல் வந்தது.

கொல்லையில் ஒரு சாமான் அறை உண்டு. அப்படி ஒன்று இருப்பதையே சாஹா ஒப்புக்கொள்வதில்லை. கூரைத் தகரம் ஒரு மூலையில் பிய்ந்து கிடக்கும். துடைப்பமும் எலிமருந்தும் எட்டாத இடம் அது ஒன்றுதான். பூஜைக்கு முந்தின நாள் நிருபமா அதைப் பெருக்கப் போனாள். ஒத்தாசைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து நானும் போனேன். வாசலோரக் குப்பையை முறத்தில் அள்ளியவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தபடியே பின்னால் நடந்து வந்தாள்.

“ஏங்க, இங்க வாங்க. சத்தம் போடாம.”

பரணில், மட்கிய சாக்குகளுக்கு நடுவே, எச்சமும் எலி மயிரும் படிந்த பலகைமேல் அந்த வெள்ளை முகம். கூடென்று ஒரு குச்சிகூட அடுக்கவில்லை. வயிற்றுக்கடியில் முட்டைகள்.

சாஹா கைகூப்பி நின்றார். கண் நிறைந்துவிட்டது. “இங்கயா? இந்த அசிங்கத்துலயா, தாயே?” என்றார் மெதுவாக.

“அவளுக்குப் பிடிச்சிருக்கு. உங்களக் கேட்டுட்டா வருவா?” என்றாள் நிருபமா.

அவள் கையிலிருந்த முறத்தை அவர் வாங்கிக்கொண்டார். வெளியே கொட்டத்தான் என்று நினைத்தோம். அவர் ஓசைப்படாமல் குனிந்து, குப்பையை எடுத்த இடத்திலேயே தட்டி, கையால் ஒரே சீராகப் பரப்பிவிட்டார்.