காதில் மாட்டிய பேராசிரியர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், என் மகள் பிளஸ் டூ முடித்த கோடையில் நடந்தது இது. புதுச்சேரியில் பாகூர் பக்கம் செலியமேட்டில் எங்களுக்குக் கொஞ்சம் நெல்லும் கரும்பும் உண்டு. இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

நான் பத்தாவதோடு நின்றவன். தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேரும் வரை மோட்டார் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்படிப் போனை நோண்டிக்கொண்டிருந்த ஒருநாள் ஒரு பேராசிரியரின் பேச்சு மாட்டியது. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏன் ஏறுகிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். பீஸ் கிடையாது, பரீட்சை கிடையாது. நல்லவாட்டில் என் மாமனார் வீட்டுக் கிணறு ஏன் கரித்துப் போனது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அடப்பாவிகளா, இப்படிப் புரிகிற மாதிரி அப்போதே ஒருத்தர் சொல்லியிருந்தால் நான் பள்ளிக்கூடத்தை விட்டிருப்பேனா என்று ஆத்திரமே வந்தது.

அதற்குப் பிறகு விட்டேனா? காதில் ஏறிய இயர்போன் இறங்கவே இல்லை. மண்ணுக்குள் இருக்கும் புழு, மனுஷ மூளை, நட்சத்திரம், பழைய ராஜாக்களின் வரி என்று எதையும் விடவில்லை. கேட்டதோடு நிற்காமல் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். களை எடுக்க வந்த பெண்கள் என்னைக் கண்டாலே அடுத்த வயலுக்கு நகர்ந்தார்கள். என் மனைவி ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "களத்துல நெல்ல கோழி கொத்திக்கினு கீது. நீங்க இன்னான்னா சூரியனுக்கு இன்னா வயசுன்னு சொல்லிக்கினு இருக்கீங்க" என்றாள். யாருக்கும் அறிவில் ஆசையே இல்லையே என்று எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல்.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலை டீக்கடையில் சிநேகிதன் கேட்டான்: "இன்னாபா, உம் பொண்ணுக்கு ரெசிடென்ஸ் சர்டிபிகேட் வாங்கிட்டியா? காலேஜுக்கு அப்ளிகேஷன் போட நாளைக்குத்தான் கடைசி. அத்த குடுக்க ஒரு வாரம் இழுக்கறாங்கபா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் கொஞ்ச தூரம் போனாலே தமிழ்நாடு வந்துவிடும். பஸ் வசதிக்காக மகளைக் கடலூர் மாவட்டத்துப் பள்ளியில்தான் படிக்க வைத்தோம். அப்படி வெளியே படித்த பிள்ளை, தான் புதுச்சேரிப் பிள்ளைதான் என்று காட்ட அந்தச் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் ஒதுக்கீட்டில் இடம் கிடையாது. வெளியே பணம் கட்டிப் படிக்க வைக்கிற வசதி எனக்கு இல்லை. அவள் படிப்பு அதோடு போச்சு.

மகளுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மனைவிக்கு அடித்தேன், அவளும் எடுக்கவில்லை. "இந்த வூட்ல ஒருத்தருக்காவது பொறுப்பு கீதா?" என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வண்டியைப் பாகூர் தாலுகா ஆபீசுக்கு விட்டேன்.

அங்கே வரிசையில் நிற்கக்கூடப் பொறுமை இல்லை. நேராகப் போய், சான்றிதழ் கொடுக்கிற அம்மாவின் மேஜை முன்னால் நின்று கத்தினேன். ஒரு பெண் பிள்ளை படித்தால் குடும்பம் எப்படி மாறும், அரசாங்கத்தின் கடமை என்ன என்று முந்தின வாரம் கேட்ட பேச்சை அப்படியே ஒப்பித்தேன். நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த அம்மா நான் முடிக்கும் வரை காத்திருந்து, பெண்ணின் பெயரையும் ரேஷன் கார்டு நம்பரையும் கேட்டு கம்ப்யூட்டரில் தட்டினார்.

"போன வாரமே குடுத்தாச்சுங்களே. உங்க பொண்ணே வந்து வாங்கிக்கினு போச்சு."

"எனக்குத் தெரியாம எப்படிங்க குடுப்பீங்க?" என்று அதற்கும் எகிறினேன்.

அவர் ஒரு கட்டைப் பிரித்து விண்ணப்பத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். "இந்தக் கையெழுத்து யாருதுங்க?"

என்னுடையதுதான். முதல் எழுத்தை இழுத்துப் போட்டு, அடியில் இரண்டு புள்ளி வைக்கிற என் கையெழுத்து. எப்போது போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை, "போய்ட்டு வாங்க" என்றார். மானம் போய் வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மகளும் மனைவியும் அப்போதுதான் பிரவுசிங் சென்டரிலிருந்து திரும்பியிருந்தார்கள். காலேஜுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டதாம்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேன்பா. கொட்டாய்க்கே வந்து மூணு வாட்டி சொன்னேன். நீதான் தலைய ஆட்டிக்கினே கையெழுத்து போட்ட."

தலையாட்டியது அவளுக்கு இல்லை, காதுக்குள் பேசியவருக்கு. பிள்ளைகளிடம் பெற்றோர் எப்படிப் பேச வேண்டும் என்ற பேச்சைத்தான் அந்த வாரம் தொடர்ச்சியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

"இன்னா படிப்பு போட்டம்மா?" என்று கேட்டேன்.

"நர்சிங். அக்ரி போடட்டுமா, நர்சிங் போடட்டுமான்னு உன்னத்தான் கேட்டேன். ரெண்டு நாள் பார்த்தேன். நீ ஒண்ணும் சொல்லல. நானே போட்டுக்கினேன்." அவள் குரலில் கோபமே இல்லை. ரெண்டு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அவள் இப்போது நர்சிங்தான் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். நானும் பேச்சு கேட்பதை விடவில்லை. ஆனால் வீட்டில் யாராவது என் பக்கம் வந்தால் இயர்போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுகிறேன். பேராசிரியரை நிறுத்தி வைத்தால் நாளைக்கும் விட்ட இடத்திலிருந்தே பேசுவார். அந்த ரெண்டு நாள் என் மகள் என் பதிலுக்காகக் காத்திருந்ததை மட்டும் நான் எந்தப் பட்டனை அழுத்தியும் திரும்ப ஓட்டிக் கேட்க முடியாது.