ஒன்பதரைக்கு முன் ஓட்டிய கார்

அந்தக் கார் லாரியிலிருந்து இறங்கிய அன்று, அதன் பக்கத்தில் போனதும் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. பட்டாசுக் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறவள் நான். வெடிமருந்து இருக்கும் அறைக்குள் யாரும் செருப்போடு போக மாட்டோம். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைவோம். ஆறு வருடப் பழக்கம். அன்றும் வெறுங்காலோடு நின்று, காரின் கதவில் உள்ளங்கையை வைத்தேன்.

“ஏட்டி, கோயிலுக்கா வந்திருக்க? தேங்காய் உடைக்கட்டுமா?” என்று மதினி சிரித்தார்.

மதினி என் அத்தை மகள். என்னைவிட மூன்று வயது மூத்தவர். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறார். கார் அவருடையது. கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் ஆட்டோகிராஸுக்கென்றே கட்டிய கார். ஆட்டோகிராஸில் திறந்த மைதானம் ஒன்றில் கூம்புகளை நட்டு வளைவும் நெளிவுமாகப் பாதை போடுவார்கள்; ஒவ்வொரு காராகத் தனியே ஓடும்; யாருடைய நேரம் குறைவோ அவருக்குப் பரிசு. ஒரு கூம்பைத் தட்டினால் நேரத்தோடு இரண்டு விநாடி சேரும். அவ்வளவுதான் விளையாட்டு.

இன்ஜின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பின் சக்கரங்கள்தான் தள்ளிக்கொண்டு போகும். இருக்கை ஒன்றே ஒன்று. ஓட்ட ஆசைப்பட்டவர்களோ இரண்டு பேர்.

மாசி மாதம் மதுரைக்கு வெளியே ஒரு போட்டி இருந்தது. ஒரு காருக்கு ஓர் ஓட்டுநரின் பெயரைத்தான் கொடுக்க முடியும். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும், மதினி ஓட்டுவார், நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொடுப்பேன் என்றே நினைத்தார்கள். நான் கூட்டத்தில் ஓரமாக நின்று குறிப்பெடுக்கிற ஆள்தான். ஆனால் அந்த இருக்கை எனக்கு வேண்டும் என்று இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே மதினியிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

“வண்டி எம் பேர்ல இருக்குங்கறதுக்காக நானே ஓட்டணும்னு இல்ல. கடைசி ஞாயித்துக்கிழம யாரு வேகமோ அவுக பேரக் கொடுப்போம். சரியா?” என்றார் மதினி.

“சரி மதினி.”

“அழக் கூடாது.”

“நீங்களும்.”

ஆமத்தூர்ப் பக்கம் மூடிக்கிடக்கும் நூற்பாலை ஒன்றில் லாரிகள் நிற்கிற பெரிய சிமெண்ட் தளம் இருக்கிறது. அங்கே ஓட்ட அனுமதி வாங்கியிருந்தோம். கூம்புகளுக்குப் பதிலாக, கம்பெனியில் கழித்துப்போட்ட வாண வெடிக் காகிதக் குழாய்களை நிறுத்தினோம். மருந்து நிரப்பாத வெறும் குழாய்கள், முழங்கால் உயரம், இடித்தால் காருக்கு ஒரு கீறலும் விழாது. குழாய்களை எடுத்து நிறுத்துவதும் நேரம் பார்ப்பதும் மதினியின் கணவர். எனக்கு அண்ணன் முறை. பிரஸ்ஸில் ஓடுகிற மிஷினைவிட இரண்டு மடங்கு பேசுவார்.

என் முதல் ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் இருந்தது. முதல் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது குழாய் கண்ணாடிக்கு நேரே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதினேன்: ஒன்று, திருப்பத்துக்குள் போன பிறகு பிரேக் போடுகிறேன், போகுமுன்பே போட்டு முடிக்க வேண்டும். இரண்டு, கண் பக்கத்துக் குழாயிலேயே நிற்கிறது. அதற்கடுத்ததில் இருக்க வேண்டும். மூன்று, மூச்சுவிட மறக்கிறேன். நான்கு, கார் நான் நினைத்திருந்ததைவிட நல்ல கார்.

நான்காவதை எழுதியதும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடிக்கவில்லை.

கம்பெனியில் எதையும் தரையில் இழுக்க மாட்டோம், தூக்கித்தான் வைப்போம். உரசக் கூடாது, தட்டக் கூடாது, வெடுக்கென்று திரும்பக் கூடாது. என் கைகளுக்கு அது ஊறிவிட்டது. ஸ்டியரிங்கையும் அப்படித்தான் பிடித்தேன்.

“என்னளா, மருந்து சலிக்கிற மாதிரி ஓட்டுற? வண்டி தூங்கிறப் போகுது!” என்று மதினி கத்துவார்.

“நீங்க ஓட்டுறது மட்டும் என்னவாம்? குழாயெல்லாம் உங்களப் பாத்தாலே படுத்துக்கிடுது.”

“எனக்கு வேலையே குழா பொறுக்குறதுதான்,” என்பார் அண்ணன். “ஒருத்தி போனா வண்டி வருமான்னு பாத்து நிக்கணும். இன்னொருத்தி போனா தலையக் காப்பாத்திக்கிட்டு ஓடணும்.”

உண்மையில் மதினி என்னைவிட வேகம். காரை வளைவுக்குள் எறிவார், பின்பக்கம் வழுக்கும், வழுக்க விடுவார். ஆனால் ஓர் ஓட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ குழாய் விழும். இரண்டு விநாடி, நான்கு விநாடி என்று ஏறிவிடும். என் ஓட்டத்தில் எதுவும் விழாது. அதனால் எங்கள் நேரங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன.

காரைச் சீர்செய்கிற வேலை என்னுடையது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மூன்று ஓட்டம், எழுதிவிட்டுத்தான் அடுத்த மாற்றம். டயரின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அனுப்புவேன். திரும்பி வரும்போது கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்ப்பேன். பக்கவாட்டில் இறங்கி அழிந்திருந்தால் காற்று போதவில்லை. அழியாமல் மிச்சமிருந்தால் காற்று அதிகம். ஷாக் அப்சார்பரின் மேலே ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பினால் ‘கிளிக்’ என்று ஒரு படி இறுகும் அல்லது தளரும். அந்த ஒரு படியையும் கார் எனக்குக் காட்டியது. பின்பக்கம் இரண்டு படி தளர்த்திய அன்று, இரண்டாவது வளைவில் அதுவரை என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த கார், நான் கேட்ட இடத்தில் போய் நின்றது. எத்தனையோ கருவிகளோடு வேலை செய்திருக்கிறேன். கேட்டதற்கு இவ்வளவு நேராகப் பதில் சொன்ன ஒன்றைப் பார்த்ததில்லை.

மதினிக்குக் கருவியே வேண்டாம். நான்கு வண்ணமும் லேபிளில் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பழகியவர். ஒருநாள் ஓட்டிவிட்டு இறங்கியதும், “வலது பின்னாடி லேசா தூக்குது புள்ள,” என்றார். அளந்து பார்த்தேன். அந்த டயரில் மட்டும் காற்று ஒரு பவுண்டு கூடுதலாக இருந்தது. அதையும் நோட்டில் எழுதினேன், அவருடைய பெயரிலேயே.

ஆறரைக்குத் தொடங்குவோம். ஒன்பதரைக்கு முடித்துவிடுவோம். எங்களில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எங்கள் ஊரில் ஆபத்தான வேலை எதுவாக இருந்தாலும் அப்படித்தான். மருந்து கலப்பதும் நிரப்புவதும் வெயில் ஏறுமுன் முடிந்து, ஒன்பதரைக்குக் கம்பெனிச் சங்கு ஊதிவிடும். ஒன்பது மணி தாண்டினால் அண்ணன் தானாகவே குழாய்களை அடுக்க ஆரம்பிப்பார். நானும் ஹெல்மெட்டைத் துடைப்பேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஐந்து ஓட்டம். மதினியின் மிக வேகமான ஓட்டத்தில் கடைசிக் குழாய் ஆடியது, நின்றுவிடும் என்று நினைத்தோம், விழுந்துவிட்டது. அதற்கு இரண்டு விநாடி சேர்ந்ததில், குழாய் விழாத என் ஓட்டம் அவருடைய சிறந்த நேரத்தைவிட அரை விநாடி குறைவு.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், கடிகாரத்தை அவரிடமே நீட்டினார்.

மதினி படிவத்தைக் காரின் மேல் வைத்து, என் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். “நல்லா ஓட்டுனா. என்ன செய்ய?” என்று அண்ணனிடம் சொன்னார்.

போட்டி நாளன்று விடிவதற்குள் மதுரை போய்ச் சேர்ந்தோம். காலை ஏழு மணிக்கு நோட்டைப் பார்த்து நான்கு டயரிலும் காற்றைச் சரிசெய்தேன். குமிழ்களை எண்ணித் திருப்பினேன். எங்கள் காரின் பிரிவுக்கு மத்தியானம் இரண்டு மணி என்றார்கள். அதற்கென்ன, நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்தேன். காரை வெட்டவெளியில் நிறுத்தியிருந்தோம்.

மூன்று ஓட்டங்கள், அவற்றில் சிறந்தது கணக்கு. முதல் ஓட்டத்தில் மூன்றாவது வளைவில், நான் எதுவும் செய்யாமலே பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கூம்புகளைப் படுக்க வைத்துவிட்டு, வந்த வழியைப் பார்த்து நின்றேன். இரண்டு மாதமாக நான் பழகிய கார் அது இல்லை.

“என்ன ஆச்சு? நல்லாத்தான இருந்துச்சு வண்டி?” மதினி ஓடிவந்தார்.

“இடது பக்கம் திரும்பும்போது ஒரு மாதிரி போகுது, வலது பக்கம் வேற மாதிரி போகுது மதினி. நோட்டுல இருக்கறபடிதான் எல்லாம் வச்சேன்.”

“நோட்ட எடு.”

எடுத்தேன். இடது ஓரத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம் எழுதியிருந்தேன். ஆறு நாற்பது. ஏழு பத்து. எட்டு இருபது. ஒன்பது ஐந்து. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒன்பதரைக்குப் பிறகு ஓர் எழுத்துகூட இல்லை. இரண்டு மாத உழைப்பில், வெயில் ஏறிய பிறகு இந்தக் கார் எப்படி இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

மதினியும் அதே நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். “அடிப் பாவி,” என்றார். “வண்டிக்கும் ஒம்பதரைக்கே சங்கு ஊதியிருக்கோம்!”

அண்ணன் தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். “நான்தான் குழாய அடுக்குனேன்.”

டயர்களை அளந்தேன். சூட்டில் நான்கிலும் காற்றழுத்தம் ஏறியிருந்தது. காரின் இடது பக்கம் வெயிலைப் பார்த்து நின்றதால், இடது டயர்கள் வலதைவிட இரண்டு பவுண்டு கூடுதல். காற்றை இறக்கினோம். அடுத்த வண்டியின் நிழலில் காரைத் தள்ளி நிறுத்தினோம். இரண்டாவது ஓட்டத்தில் கார் சுற்றவில்லை. ஆனால் நான் பயந்து ஓட்டினேன். எதுவும் விழவில்லை, நேரமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

மூன்றாவதுக்கு முன் மதினி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “வெயில்ல அது வழுக்கத்தான் செய்யும். புடிச்சு இழுக்காத. வழுக்கட்டும்னு விட்டுட்டு நீ அடுத்த கூம்பப் பாரு.”

விட்டுப் பார்த்தேன். இரண்டு வளைவுகளில் சரியாக வந்தது. மற்றவற்றில் என் கைகள் பழையபடி இழுத்துப் பிடித்துவிட்டன. ஒன்பது பேரில் ஐந்தாவது இடம்.

திரும்பும் வழியில் விருதுநகர் தாண்டும்வரை ஒரு விஷயம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அரை விநாடி. அது காலைக் குளிர்ச்சியில் வாங்கிய அரை விநாடி. போட்டி நடப்பது மத்தியானத்தில். வழுக்குகிற காரை ஓட்டத் தெரிந்தவர் யார் என்று இரண்டு மாதமாக என் கண்முன்னாலேயே தெரிந்திருந்தது. அளக்காததால் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

“மதினி, அந்தப் போட்டி செல்லாது,” என்றேன்.

“எந்தப் போட்டி?”

“நம்ம ரெண்டு பேருக்கும் நடந்தது. மத்தியானம் ஓட்டிப் பாக்காம உங்க இருக்கைய வாங்கிட்டேன்.”

“ஏ, நீயா வாங்குன? நான் கொடுத்தேன்.”

“அடுத்த போட்டிக்கு முன்னாடி மறுபடி ஓட்டுவோம். மத்தியானம் ரெண்டு மணிக்கு.”

“அந்த வெயில்ல குழாப் பொறுக்க நான் வரல,” என்றார் அண்ணன். ஆனால் வந்தார், தலையில் ஈரத்துண்டோடு.

அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு ஆமத்தூர்த் தளத்தில் கால் வைக்க முடியவில்லை. முதலில் நான் ஓட்டினேன். மதுரையைவிட நன்றாகவே ஓட்டினேன். பிறகு மதினி ஏறினார். இத்தனை நாளும் அவர் ஓட்டும்போது நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். அன்று நோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். மூன்றாவது வளைவில் பின்பக்கம் வழுக்கிப் போனது. அவர் அதைத் தடுக்கவில்லை. போகிற போக்கிலேயே ஆக்சிலரேட்டரை மிதித்து, கார் நேராகும் நொடியில் அடுத்த குழாய்க்குப் பக்கத்தில் இருந்தார். காலையில் முரட்டுத்தனமாகத் தெரிந்த ஓட்டம், அந்த வெயிலில் அந்தக் காருக்கென்றே தைத்த சட்டைபோல் இருந்தது. ஒரு குழாயும் அசையவில்லை.

அண்ணன் நேரத்தைச் சொன்னார். என்னைவிட ஒன்றரை விநாடி குறைவு.

கேட்டுக்கொண்டேன். வலித்தது, இல்லை என்று எழுத முடியாது. கார் வந்து நின்றதும் குனிந்து இடது பின் டயரில் கையை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது.

மதினி ஹெல்மெட்டைக் கழற்றப் போனார்.

“கழட்டாதீக,” என்றேன். “பின்னாடி ஒரு பவுண்டு இறக்கித் தாரேன். இன்னொரு தடவ போங்க.”