சலவை மையால் ஒரு கோடு

வீட்டிலும் அவள் பெரியக்காதான், ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்திலும் பெரியக்காதான். சின்னப் பெண்ணாக அந்தக் கூடத்துக்குள் நுழைந்தவள், தலை நரைத்து வெளியே வந்தாள். நடுவில் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். தம்பியைப் படிக்கவைத்து, வேலையில் உட்காரவைத்து, கல்யாணமும் செய்துவைத்தாள். அவளுடைய கல்யாணப் பேச்சு மட்டும் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்ற ஒரே பதிலிலேயே வயதாகிப்போனது.

வேலை முழுக்கக் குனிந்த தலைதான். விரிப்பை உதறி, கறை எங்கே என்று தேடி, ஓரத்தில் வார்டின் அடையாளத்தைச் சலவை மையால் போட வேண்டும். கொதிநீரில் எத்தனை முறை புரண்டாலும் போகாத மை அது. ஓய்வு பெற்ற கையோடு அவள் ஒரு டெலஸ்கோப் வாங்கிக்கொண்டு வந்ததும் தம்பி போனிலேயே சிரித்தான்.

"ஊரே சனி பார்வை படக்கூடாதுன்னு ஓடுது. நீ காசு குடுத்துச் சனியைப் பாக்கப் போறியாக்கா?"

"அதுக்கென்னடா, அது என்னைப் பாத்தது போதும். நான் ஒரு தடவை திருப்பிப் பாக்கறேன்."

மொட்டைமாடியில் பெட்டியைப் பிரித்து மாட்டினாள். மாட்டி முடித்த பிறகு ஒரு ஆணி மிச்சமிருந்தது. எதற்கென்று தெரியாததால் முந்தானையில் முடிந்துகொண்டாள். பகலில் தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்தாள். தொட்டி தலைகீழாகத் தொங்கியது. அதன் மேல் காக்கா ஒன்று கால் மேலாக நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. வானம் பார்க்கும் குழாயில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும் என்று தெரியாமல், தான்தான் எதையோ மாற்றி மாட்டிவிட்டோம் என்று ஒரு நாள் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இருட்டியதும் மேற்கே எது பளிச்சென்று தெரிந்ததோ அதற்குத் திருப்பினாள். குழாயின் பக்கவாட்டுத் திருகைத் திருகத் திருக, புள்ளி விரிந்து வட்டமானது. வட்டத்தின் நடுவே இருட்டு. சுற்றிலும் ஒளி வளையம். சனியேதான் என்பதில் பெரியக்காவுக்குச் சந்தேகமே இல்லை. பிறகு கீழே ஓடி, வேலையை விட்டபோது எடுத்து வந்திருந்த சலவை மையைக் கொண்டுவந்து, திருகின் மேலும் குழாயின் மேலும் சேர்த்து ஒரு கோடு போட்டாள். யாராவது கைபட்டுத் திருகிவிட்டாலும், கோட்டோடு கோட்டைச் சேர்த்தால் வளையம் திரும்பக் கிடைத்துவிடும்.

அந்த வாரமே ஒரு நாள் இருட்டும் நேரத்தில் தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். வந்த காரியம் வேறு. பெற்றோர் விட்டுப்போன வீடு அக்கா, தம்பி இருவர் பேரிலும் இருந்தது. அதை இடித்து மாடி மாடியாகக் கட்ட ஒரு கான்ட்ராக்டர் தயாராக இருந்தான். பெரியக்காவுக்கு அதில் ஒரு வீடு உண்டு. மொட்டைமாடி மட்டும் கிடையாது. தம்பி பலமுறை கேட்டும் அவள் தலையாட்ட மறுத்திருந்தாள்.

"பேச்சு இருக்கட்டும், மொதல்ல வந்து பாருங்க" என்று மாடிக்கு அழைத்துப் போனாள்.

தம்பி குனிந்தான். "அடேயப்பா! வளையம் சும்மா ஜொலிக்குதுக்கா. நீ ஆஸ்பத்திரித் துணியோட மல்லுக்கட்டியிருக்கவே கூடாது, பெரிய விஞ்ஞானியா வந்திருக்கணும்."

அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவள் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். கை திருகுப் பக்கம் போனது. தம்பி லேசாகத் தொண்டையைச் செருமினான். கை திரும்பிவிட்டது.

"ரொம்ப அழகா இருக்கு அண்ணி."

தான் காட்டிய திசையில் இந்த வீட்டில் ஒருவர் பார்ப்பது பெரியக்காவுக்கு அதுதான் முதல் தடவை. மனம் இளகியவள் கீழே வந்ததும், "சரிடா, அடுத்த ஞாயித்துக்கிழமை பத்திரத்தை எடுத்துட்டு வா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மாலை நிலா வந்தது. கோட்டைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் நிலா பால் கொட்டிய தரைபோலக் கலங்கலாக இருந்தது. திருகைத் திருகினாள். சட்டென்று பள்ளமும் மேடுமாக, அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல நிலா வந்து நின்றது. அந்தத் திருகை அப்படியே வைத்துக்கொண்டு தன் சனிக்குத் திரும்பினாள். வளையத்தைக் காணோம். ஊசி முனையளவு ஒரு புள்ளி. கோட்டுக்குத் திருகினால் வளையம், விட்டால் புள்ளி. பக்கத்து நட்சத்திரத்துக்குப் போனாள், அதற்கும் வளையம். அதற்கடுத்ததற்கும் வளையம். திருகு சரியாக நிற்காத அந்தக் கோட்டில் வைத்தால் வானத்தில் இருப்பதெல்லாம் சனிதான்.

அறியாமல் செய்த தப்புக்கு அவள் வெட்கப்படவில்லை. சலவைக்கூடத்தில் முதல் மாதம் எத்தனை விரிப்பைப் பொசுக்கியிருக்கிறாள்! திருகு வரைக்கும் போய்த் திரும்பிய அந்தக் கைதான் அவளை உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பத்திரத்தோடும் மனைவியோடும் வந்தான்.

"போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை சனியைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள் பெரியக்கா.

"அதுக்கென்னக்கா, தாராளமா."

மாடியில் இருட்டத் தொடங்கியிருந்தது. தம்பி கண்ணை வைத்த வேகத்தில் எடுத்தான். "போன தடவையவிட இன்னிக்கு பளிச்சுன்னு இருக்கு! வளையம் தனியாத் தெரியுதே!"

"நீ பாரும்மா."

தம்பி மனைவி குனிந்தாள். நிமிரவில்லை. அவள் கை மெல்ல மேலே போய்க் குழாயின் வாயைத் தடவியது. கறுப்புக் குழாய்க்குக் கறுப்பு மூடி.

"மூடியை எடுக்கல அண்ணி" என்றாள், தரையைப் பார்த்து.

தம்பி முதலில் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் முகம் சிவந்தது. "என்னைக் கூப்பிட்டு வச்சு முட்டாளாக்கறியா?"

"நீ ஆக்கினதைத்தான்டா திருப்பித் தர்றேன்." பிறகு அவன் மனைவியைக் கேட்டாள். "அன்னிக்கே ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும். கையெழுத்து ஆகட்டும், அதுவரைக்கும் அக்கா மனசு கோணாம பாத்துக்கன்னு இவர் சொல்லியிருந்தாரு."

"எத்தனை நாளைக்கு நான் அப்படியே காட்டிட்டிருப்பேன்னு நெனச்சே? தெருவுல நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தா?"

தம்பி பையைத் தூக்கித் தோளில் மாட்டினான்.

பத்திரம் பையை விட்டு வெளியே வரவேயில்லை. தம்பி படியிறங்கிக்கொண்டே கத்தினான். "ஒனக்கு மனுஷங்க வேணாம், அந்த ஓட்டைக் குழாதான் வேணும். கட்டிக்கிட்டுத் தனியாவே கெட!"

கல்யாணமாகாதவளிடம் அவன் எதைச் சொல்லிவிட்டுப் போகிறான் என்பது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒரு படியில் நின்று, பிறகு இறங்கினான்.

அவன் மனைவி பின்தங்கி, தணிந்த குரலில் சொன்னாள். "அண்ணி, சனி அந்தப் பக்கம் இல்ல. கெழக்கால, தொட்டிக்கு மேல, மின்னாம மஞ்சளா நிக்குதே, அதுதான். வளையம் சின்னதாத்தான் இருக்கும். ஆனா நெசம்."

"போயிட்டு வாம்மா."

வாசல் கதவு சாத்தப்பட்டது. வீடு தப்பித்துவிட்டது, மொட்டைமாடியும் இருந்தது. பெரியக்கா மூடியைக் கழற்றினாள். ஈரத்துணியால் திருகின் கோட்டைத் தேய்த்தாள். போகாது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருந்தும் தேய்த்தாள். பிறகு குழாயைத் திருப்பித் தெற்கே பார்த்தாள், மேற்கே பார்த்தாள், தலைக்கு மேலே கழுத்து வலிக்கப் பார்த்தாள். திருகு வரைக்கும் போய்த் திரும்பிய கை காட்டிய, தொட்டிக்கு மேலே மஞ்சளாக நின்றதன் பக்கம் மட்டும் அன்றைக்கு அவள் திரும்பவில்லை.