வரி வாங்காத வீடு

பொன்னேரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எங்கே ‘வரி’ என்ற சொல் கண்ணில் பட்டாலும் நின்று படித்துவிடுவேன். பழவேற்காட்டிலிருந்து கிளம்பும் காலை பஸ்ஸில், மீன் கூடைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றபடி, கைபேசியில் அந்தச் செய்தியையும் அப்படித்தான் படித்தேன். சுவிட்சர்லாந்தில் நாடு முழுக்க ஜனங்களிடம் வாக்கு கேட்கப்போகிறார்களாம். தேர்தல் இல்லை. புருஷன் பெண்டாட்டி வருமானத்தைக் கூட்டி ஒரே வரியாகப் போடுவதா, ஆளுக்கு ஆள் தனியாகப் போடுவதா என்பதுதான் கேள்வி.

எங்கள் அலுவலகத்தில் இந்தக் கேள்வியே எழாது. நம் நாட்டில் கணவன் கணக்கு வேறு, மனைவி கணக்கு வேறு. வருமான வரிக்குத் தாலி தெரியாது. அங்கே அப்படியில்லை. இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் இரண்டையும் கூட்டினால் வரி மேல்படிக்கு ஏறிவிடுகிறது. பிரித்துப் போட்டால், ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டுக்கு இதுவரை இருந்த சலுகை போய்விடும். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. பஸ் பொன்னேரி வந்தும் எனக்கு யோசனை தீரவில்லை. நானாக இருந்தால் எதற்குப் போடுவேன்?

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். நைனா வாசலில் வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் என் அக்கா, தன் மகளுக்குப் பேன் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இதுக்கா ஒரு நாடே ஓட்டு போடுது? வேற பொழப்பு இல்லியா அவனுங்களுக்கு?” என்றார் நைனா.

“நீ சும்மா கெட,” என்றாள் அம்மா. “நான் கூடை தூக்கி சம்பாரிக்கிறேன். ஊர் வரி கட்டுறப்போ மட்டும் உன் பேரைச் சொல்லிக் கூப்புடுறானுங்க.”

“கட்டுறது நான்தானேமே?”

“துட்டு யாருது?”

நைனா வலைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அம்மா சொன்ன ஊர் வரியைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் குப்பத்தில் வரி ஆளுக்குக் கிடையாது, தலைக்கட்டுக்கு. கல்யாணமான புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு தலைக்கட்டு. அம்மன் திருவிழாவுக்கு ஒரு தலைக்கட்டுக்கு ஒரு வரி. கட்டினவனுக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சு உண்டு, ஏரியில் பாடு உண்டு. பாடு என்றால் முறை. இறால் ஓடும் நல்ல இடங்கள் ஏரியில் சிலதான் இருக்கின்றன. அங்கே எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். கல்யாணமாகாத எனக்கு வரியும் இல்லை, பேச்சும் இல்லை. பி.காம். படித்தது இதில் சேராது.

அக்கா மகளின் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏன்டா, அந்த ஊர்ல புருஷன் வுட்டுட்டுப் போனவளுக்கு இன்னா வரி?”

“அவங்க தனி ஆளு. தனியா கட்டுவாங்க.”

“கட்டுனா வாங்கிக்குவாங்களா?”

“வாங்காம? கட்டலன்னாதான் பிரச்சினை.”

“குடுத்து வச்சவளுங்க,” என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

மாமா, அதாவது அக்கா புருஷன், படகு வேலைக்கென்று குஜராத் பக்கம் போனவர். அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். ஆனாலும் தலைக்கட்டு அவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முறை வரும்போதெல்லாம் நைனா போய் வலை கட்டுவார். அக்காவும் பிள்ளையும் பிழைத்தது அந்த இறாலில்தான். இந்த வருஷம் திருவிழா வரிக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டில் வாங்கிக்கொண்டு, அக்கா வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். கோபமோ விரோதமோ இல்லை. “பாவம், அதுகிட்ட இன்னாத்த வாங்குறது” என்ற இரக்கம்தான். ஆனால் வரி இல்லாத வீடு தலைக்கட்டு இல்லை. தலைக்கட்டு இல்லாத வீட்டுக்குச் சீட்டில் பெயர் இல்லை. குலுக்கல் அடுத்த வாரம்.

அந்த வாரம் முழுக்க நான் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். முதலில் சுவிட்சர்லாந்தைச் சொல்வேன், பிறகு மெதுவாக அக்காவுக்கு வருவேன். டீக்கடையில் என்னோடு பள்ளிக்கூடம் வந்து பாதியில் நின்ற நண்பன், “தனித்தனியா போடட்டும்டா. என் பொண்டாட்டி வரியை அவளே கட்டட்டும், எனக்கு மிச்சம்” என்றான். கடைக்காரர், “வூட்டுக்குப் போய் இதையே சொல்லு, சோறு கெடைக்குதா பாக்கலாம்” என்றார்.

நான் எதிர்பார்க்காத பதில் எதிர்வீட்டு அத்தையிடமிருந்து வந்தது. அக்கா மேல் உயிரையே வைத்திருப்பவர். அவள் பிள்ளை பெற்றபோது ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவர்.

“ஒங்க அக்கா நல்லா இருக்கணும்தான். ஆனா இன்னிக்கி அதுக்குத் தனித் தலைக்கட்டுனா, நாளைக்கி ஊர்ல கீற அத்தினி பொம்பளைக்கும் தனி வரினு தட்டைத் தூக்கினு வருவானுங்க. ஒங்க அம்மா கூடை தூக்குது, கட்டிடும். நான் முட்டி வலி வந்து வூட்டுல குந்திகினு கீறேன். ஒத்த ஆளு சம்பாத்தியம். ரெண்டு வரிக்கு நான் எங்க போறது?”

கைபேசியில் படித்த வாதம் இதுதான். அத்தை அந்த நாட்டின் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டிருக்க மாட்டார். பனிமலைக்குக் கீழே யாரோ ஒருத்தி இதே கவலையோடு வாக்குச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு ஒரே வியப்பாக இருந்தது. அத்தை அக்காவுக்கு எதிரி இல்லை. ஆனாலும் அவர் ஓட்டு அக்காவுக்கு விழாது.

திருவிழாக் கணக்கு முடிக்கும் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் நடந்தது. ஆண்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே தூணோரம், மற்ற இளவட்டங்களோடு. பாக்கி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பித்தளைத் தட்டில் வரியை வைத்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வெற்றிலை எடுத்துக் கொடுத்தார். ஒன்று அவனுக்கு, ஒன்று வீட்டிலிருப்பவளுக்கு.

கடைசி ஆள் எழுந்த பிறகு அக்கா உள்ளே போனாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

“இன்னாமா, ஊர்ல எதுனா ஒதவி வேணுமா?” என்று பெரியவர் அன்பாகவே கேட்டார்.

“குடுக்க வந்தேன் பெரியப்பா.”

“ஒன்ன யாரு கேட்டாங்க?”

“யாரும் கேக்கலியே, அதான் வந்தேன்.”

வெளியே நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து ஒருவர், “அது புருஷன் வந்து கட்டட்டும். அதான மொற” என்றார்.

“வருவாருனு தெரிஞ்சா சொல்லி அனுப்பு சித்தப்பா. நானும் பாத்து ரொம்ப நாளாச்சி.”

இன்னொருவர் சிரிப்பு அடங்கக் காத்திருந்து கேட்டார். “வெளாட்டு இருக்கட்டும். நாளைக்கி அவன் நெஜமாவே திரும்பி வந்துட்டான்னு வையி. ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு தலைக்கட்டா? சீட்டுல எந்தப் பேரை எழுதறது?”

சரியான கேள்வி. அக்கா முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்தாள்.

“வந்தா அவரு தனியா கட்டட்டும். என்னுது என் பேர்ல இருக்கட்டும்.”

“அப்போ என் பொண்டாட்டிக்கும் தனியா?” என்று ஒருவன் கத்தினான். “கட்றியாடா நீ?” என்று நாலு பேர் திரும்பிக் கேட்டார்கள். “ஐயையோ, நான் சும்மா கேட்டேன்பா” என்று உட்கார்ந்துவிட்டான். அந்தச் சத்தத்துக்கு நடுவே அக்கா குனிந்து பணத்தைத் தட்டில் வைத்தாள்.

அதோடு பேச்சு நின்றது. தட்டில் விழுந்தது அம்மனுடையது. அதைத் திருப்பி எடுத்துக் கொடுக்கும் தைரியம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. பெரியவர் பழக்கத்தில் இரண்டு வெற்றிலை எடுத்தார். பிறகு கையைப் பார்த்தார். ஒன்றைக் கீழே வைத்தார்.

“ஒத்த வெத்தலையா? நல்ல காரியத்துல யாராவது ஒத்தையா குடுப்பாங்களா?” என்று மண்டபத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெண் குரல். திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டு அத்தை.

பெரியவர் வைத்ததை மறுபடி எடுத்தார். “ஒண்ணு ஒனக்கு. ஒண்ணு ஒன் பொண்ணுக்கு,” என்று இரண்டையும் அக்கா கையில் வைத்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “முழு வரி. பாடு உண்டு. கூட்டத்துல பேச்சு மட்டும் கெடையாது. சம்மதமா?” என்றார்.

“சம்மதம் பெரியப்பா. ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த மைக்செட்டுக்காரன் போன வருசமே அதிகமா வாங்கினு போனான்…” என்று அக்கா ஆரம்பிக்க, பெரியவரே சிரித்துவிட்டார்.

அக்காவின் முறை வந்த அன்று விடிந்ததும் நானும் நைனாவும் படகில் போனோம். முறைக்கு வலை கட்டப் பெண்கள் படகேறும் வழக்கம் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. அக்கா கரையில் காத்திருந்தாள். இறால் பரவாயில்லை, பிரமாதமென்று சொல்ல முடியாது. பாயில் கொட்டியதும் நைனா எப்போதும்போல் குந்தி, பங்கு வைக்கக் கை நீட்டினார்.

“நைனா, இரு,” என்றாள் அக்கா. “வலைப் பங்கும் ஆள் பங்கும் ஒன்னுது, எடுத்துக்கோ. ஆனா பாடு என்னுது. இந்த தபா நான்தான் பிரிப்பேன்.”

நைனா என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, பெரிய இறாலை ஒரு பக்கமும் பொடியை ஒரு பக்கமும் ஒதுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து நைனா, “அது பொடி இல்ல, நடுத்தரம், அப்பால தள்ளு” என்றார். அவள் எடுத்துப் பார்த்து, ஒப்புக்கொண்டு, தள்ளி வைத்தாள்.